உணவுக் கழிவிலிருந்து உயிர்வாயு



"உயிர்வாயு எதிலிருந்து பெறப்படுகிறது?" என்று கேட்டால் உங்களிற் பெரும்பாலானோர் "மாட்டுச் சாணத்திலிருந்து" என்று எழுதிவிடுகிறீர்கள். விடை சரிதான். ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நமக்கு மாடு எங்கே? நம்மிடம் இருப்பது வாழைப்பழத் தோலும், மாம்பழக் கொட்டையும், மிஞ்சிய சோறும், பிழிந்த தேங்காய்ப்பூவும்தான். இவற்றிலிருந்தும் உயிர்வாயு பெறலாம். சரியான முறையிற் செய்தால் ஒரு கிலோகிராம் சாணத்தைவிட ஒரு கிலோகிராம் உணவுக் கழிவு அதிக வாயுவைத் தரும். ஆயினும் அது சாணத்தைவிட விரைவிற் கெட்டுப்போகும் பொருள். ஏன் அப்படி என்பதை விளங்கிக்கொண்டால் இந்தப் பாடம் முழுவதும் விளங்கிவிடும்.

நான் விஞ்ஞானப் பட்டதாரி அல்லன். கலைப்பிரிவில் படித்து, புவியியல் கற்பிக்க வந்தவன். நகரக் கழிவு பற்றிய பாடத்தில் மாணவர்கள் கேட்ட கேள்விகளுக்காக நானும் தேடிப் படித்ததையே இங்கு படிப்படியாக எழுதியிருக்கிறேன். ஆகவே "எனக்கு விஞ்ஞானம் வராது" என்று எவரும் இந்தப் பக்கங்களைப் புரட்டிவிட வேண்டாம்.

1. இந்தப் பாடம் ஏன் நமக்கு முக்கியமானது?

கொட்டாஞ்சேனை மாணவர்களுக்குப் புளூமெண்டல் குப்பைமேடு பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். கொழும்பின் குப்பை பல ஆண்டுகளாக அங்கே கொட்டப்பட்டது. 2009 இல் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் அது மூடப்பட்டபோது குப்பை நின்றுவிடவில்லை. கொலன்னாவைப் பகுதியிலுள்ள மீதொட்டமுல்லவுக்கு இடம் மாறியது. அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 தொன் வரையிற் குப்பை சேர்ந்தது.

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினம். அன்று அந்தக் குப்பைமேடு சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புத்தாண்டுக்காக வீட்டில் கூடியிருந்த குடும்பங்களும் அதில் அகப்பட்டன.

இலங்கையின் நகரக் குப்பையில் அரைவாசிக்கு மேற்பட்டது உக்கக்கூடிய கழிவு ஆகும். அதாவது, அந்த மேட்டின் பெரும்பகுதி நம்முடையதைப் போன்ற குசினிகளிலிருந்தும் சந்தைகளிலிருந்தும் போனது. இதை மறவாமல் பாடத்துக்குள் செல்வோம்.

கவனிக்குக: "மீதொட்டமுல்ல மெதேன் வாயுவால் வெடித்தது" என்று சில மாணவர்கள் எழுதுகிறார்கள். அப்படி எழுத வேண்டாம். நடந்தது சரிவு. அளவுக்கு மீறிய பாரம், மழைநீர் ஊறியமை, அடியிலுள்ள சதுப்பு நிலத்தின் மென்மை ஆகியவற்றோடு தொடர்புபடுத்தி எழுதுவதே பொருத்தமானது. குப்பைமேட்டுக்குள் மெதேன் உண்டாவது உண்மை. அது தீப்பிடிக்கும் அபாயத்தையும் சூழல் மாசையும் ஏற்படுத்தும்.

2. உயிர்வாயு என்றால் என்ன?

வரைவிலக்கணம்: ஒட்சிசன் இல்லாத நிலையில் சேதனப் பதார்த்தங்கள் நுண்ணங்கிகளாற் பிரிகையடையும்போது உண்டாகும், எரியக்கூடிய வாயுக் கலவை உயிர்வாயு எனப்படும்.

அதில் அடங்குவன:
- மெதேன்: ஏறத்தாழ 50 முதல் 70 சதவீதம் வரை
- காபனீரொட்சைட்டு: ஏறத்தாழ 30 முதல் 50 சதவீதம் வரை
- ஐதரசன் சல்பைட்டு, நீராவி முதலியன: சிறிதளவு

இவற்றுள் எரிபொருளாகப் பயன்படுவது மெதேன் ஆகும். காபனீரொட்சைட்டு எரியாது. அழுகிய முட்டை மணத்துக்குக் காரணம் ஐதரசன் சல்பைட்டு. அது நச்சுத்தன்மை உடையது. உலோகப் பாத்திரங்களையும் குழாய்களையும் அரிக்கும்.

மெதேன் புதிய கண்டுபிடிப்பு அன்று. 1776 இல் இத்தாலிய விஞ்ஞானி அலெசாந்திரோ வோல்ற்றா ஏரியோரச் சேற்றிலிருந்து மேலெழுந்த குமிழிகளைச் சேகரித்து, அவை எரியும் வாயு எனக் காட்டினார். மின்கலத்தை ஆக்கியவரும் இவரே. சேற்றின் அடியில் ஒட்சிசன் இல்லை, உக்கும் இலைகுழைகள் உண்டு. ஆகவே அங்கு மெதேன் உண்டாயிற்று. குப்பைமேட்டின் உட்பகுதியும் அப்படிப்பட்டதே. உயிர்வாயுத் தொட்டி என்பது அந்தச் சேற்றை நாம் வேண்டியபடி மூடி வைத்திருப்பது.

3. தொட்டிக்குள் நடப்பது: நான்கு படிகள்

படி 1: நீர்ப்பகுப்பு. சோற்றிலுள்ள மாப்பொருள், பருப்பிலுள்ள புரதம், தேங்காயிலுள்ள கொழுப்பு ஆகிய பெரிய மூலக்கூறுகள் பற்றீரியாக்கள் சுரக்கும் நொதியங்களால் வெல்லம், அமினோ அமிலம், கொழுப்பமிலம் ஆகிய சிறிய மூலக்கூறுகளாக உடைகின்றன. நமது உணவுச் சமிபாட்டில் நடப்பதும் இதுவே.

படி 2: அமிலம் உண்டாதல். அந்தச் சிறிய மூலக்கூறுகளை வேறு பற்றீரியாக்கள் சேதன அமிலங்களாக மாற்றுகின்றன. காபனீரொட்சைட்டும் ஐதரசனும் வெளிவருகின்றன.

படி 3: அசற்றிக்கமிலம் உண்டாதல். பலவகை அமிலங்களும் அசற்றிக்கமிலமாகச் சுருங்குகின்றன. வினாகிரியில் உள்ள அமிலம் இதுவே.

படி 4: மெதேன் உண்டாதல். மெதேனாக்கும் நுண்ணங்கிகள் அசற்றிக்கமிலத்திலிருந்தும், ஐதரசன், காபனீரொட்சைட்டு ஆகியவற்றிலிருந்தும் மெதேனை உண்டாக்குகின்றன. இவை ஒட்சிசன் படும்போது செயலிழந்துவிடும்.

முழுத் தாக்கத்தையும் குளுக்கோசை வைத்துச் சுருக்கமாக எழுதலாம்: ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து 3 மெதேன் மூலக்கூறுகளும் 3 காபனீரொட்சைட்டு மூலக்கூறுகளும் உண்டாகின்றன. வெல்லமும் மாப்பொருளும் நிறைந்த கழிவில் இரண்டு வாயுக்களும் ஏறத்தாழச் சம அளவில் இருப்பது இதனாலேயே. கொழுப்பு சேரும்போது மெதேனின் விகிதம் கூடும்.

4. பழக்கழிவு ஏன் "புளித்துப்" போகிறது?

இதுதான் பாடத்தின் மையம். எங்கள் வகுப்பிற் பிழைத்துப்போன ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன்.

ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்தோம். பழக்கடையிற் கழித்த மாம்பழம், வாழைப்பழத் தோல், மிஞ்சிய சோறு எல்லாவற்றையும் நசித்துத் தண்ணீர் விட்டுக் கரைத்து, போத்தலின் முக்காற்பங்கு நிரப்பினோம். வாயில் ஒரு பலூனைக் கட்டினோம். மறுநாள் மாலை வகுப்புக்கு வந்தபோது பலூன் நிமிர்ந்து நின்றது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோசம். அந்த வாயுவைச் சிறிதளவு ஒரு பரிசோதனைக் குழாய்க்குட் சேகரித்து எரியும் குச்சியைக் காட்டினேன். குச்சி அணைந்துவிட்டது. சுண்ணாம்புநீருக்குட் செலுத்தினோம். அது பால் நிறமாயிற்று. கரைசலில் நீலப் பாசிச்சாயத்தாளை இட்டோம். அது சிவந்தது. பிறகு பல நாள் வைத்திருந்தும் எரியும் வாயு வரவேயில்லை. போத்தலைத் திறந்தபோது புளித்த நாற்றம் மட்டுமே வந்தது.

என்ன நடந்தது? பலூனை நிரப்பியது மெதேன் அன்று, காபனீரொட்சைட்டு. படி 2 இல் அமிலம் உண்டாக்கும் பற்றீரியாக்கள் வேகமானவை. சில மணித்தியாலங்களிற் பெருகிவிடும். படி 4 இல் மெதேன் உண்டாக்கும் நுண்ணங்கிகள் மெதுவானவை; பெருகப் பல நாட்கள் எடுக்கும். பழத்திலுள்ள வெல்லம் உடனே கரைந்து அமிலமாகிறது. அந்த அமிலத்தை உண்ண வேண்டியவை போதிய எண்ணிக்கையில் இல்லை. அமிலம் தேங்கி பிஎச் பெறுமானம் குறைகிறது. குறைந்த பெறுமானத்தில் மெதேனாக்கும் நுண்ணங்கிகள் மேலும் தளர்கின்றன. ஆகவே அமிலம் இன்னும் தேங்குகிறது.

சாணத்தில் இந்தப் பிரச்சினை குறைவு. ஏனெனில்,
(அ) எளிதிற் கரையும் பகுதி மாட்டின் வயிற்றிலேயே சமிபாடடைந்துவிட்டது. எஞ்சியது மெதுவாகவே பிரிகையடையும்.
(ஆ) சாணத்தில் மெதேனாக்கும் நுண்ணங்கிகள் ஏற்கெனவே உள்ளன.
(இ) அமிலத்தைத் தாங்கிப் பிஎச் பெறுமானத்தை நிலையாக வைத்திருக்கும் தன்மை சாணக் குழம்புக்கு உண்டு.

இரண்டாம் முறை, மாட்டுத் தொழுவம் ஒன்றிலிருந்து சாணம் எடுத்துவந்து, சம அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து, உணவுக் கழிவு எதுவும் போடாமல் மூடி வைத்தோம். மூன்று வாரமளவிற் பொறுத்திருந்தோம். அதன் பின்னரே நாளுக்கு ஒரு கைப்பிடி நசித்த கழிவு போட ஆரம்பித்தோம். சேர்ந்த வாயுவை மிகச் சிறிய அளவில், திறந்த வெளியில் எரித்துப் பார்த்தபோது நீலச் சுவாலை தெரிந்தது. சாணம் இங்கே தொடக்கி மட்டுமே. அதன்பின் நாள்தோறும் வேண்டியது கழிவுதான்.

நினைவிற் கொள்க: முதலில் நுண்ணங்கிகளை வளர்க்க வேண்டும். பிறகே தீனி போட வேண்டும். தீனியும் சிறிது சிறிதாகவே போட வேண்டும்.

5. தொட்டியின் பகுதிகள்

விளக்கப்படம் வரையச் சொன்னால் பின்வரும் பகுதிகளைக் குறித்துக் காட்டுங்கள்:
- உள்ளிடும் குழாய்: நசித்த கழிவும் நீரும் கலந்த குழம்பு உட்செல்லும் வழி. குழாயின் கீழ் முனை குழம்பு மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயு அவ்வழியே வெளியேறும்.
- சமிபாட்டுத் தொட்டி: காற்றுப் புகாதவாறு மூடப்பட்டது.
- வாயு சேரும் பகுதி: நிலையான குவிமாட வகையில் தொட்டியின் மேற்பகுதி; மிதக்கும் மூடி வகையில் மேலும் கீழும் அசையும் மூடி.
- வாயுக் குழாயும் அதனை மூடித் திறக்கும் வால்வும்.
- வெளியேறும் குழாய்: சமிபாடடைந்த குழம்பு வழிந்து வெளியேறும் வழி. இக்குழம்பு நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் அடங்கிய நல்ல சேதனப் பசளை.

6. தேவையான நிபந்தனைகள்

- ஒட்சிசன் இருத்தல் ஆகாது.
- வெப்பநிலை ஏறத்தாழ 30 முதல் 40 பாகை செல்சியசு வரை இருத்தல் நன்று. கொழும்பின் காலநிலை இதற்கு ஓரளவு இசைவானது. நுவரெலியாவில் அதே தொட்டி மெதுவாகவே இயங்கும்.
- பிஎச் பெறுமானம் ஏறத்தாழ 6.8 முதல் 7.5 வரை.
- காபனுக்கும் நைதரசனுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 20:1 முதல் 30:1 வரை. பழத்தோல் மட்டும் போட்டால் நைதரசன் போதாது. மீன், இறைச்சிக் கழிவு மட்டும் போட்டால் மிகையாகும். கலந்து போட வேண்டும்.
- கழிவு சிறு துண்டுகளாக இருத்தல். மேற்பரப்பு கூடினால் நொதியங்கள் விரைவாகத் தாக்கும்.
- தோடம்பழம், எலுமிச்சை ஆகியவற்றின் தோலைக் குறைவாகவே சேர்க்க வேண்டும். அவற்றிலுள்ள எண்ணெய்ப் பொருள் நுண்ணங்கிகளைத் தடுக்கும்.
- பொலித்தீன், கண்ணாடி, சவர்க்கார நீர் ஆகியன சேரக் கூடாது.

கடைசி நிபந்தனையை இலேசாக எண்ண வேண்டாம். பிரிக்காத குப்பையைத் தொட்டி ஏற்காது. ஆகவே இந்தத் தொழினுட்பம் தொட்டியில் அன்று, வீட்டுக் குசினியில் இரண்டு வாளி வைப்பதில்தான் தொடங்குகிறது.

7. செய்து காட்டியவர்கள்

விடையில் உதாரணம் எழுதினால் விடை நிறைவு பெறும். பின்வருவனவற்றை மனத்தில் வைத்திருங்கள்.

இலங்கை: ஜா-எலவுக்கு அண்மையில் ஏக்கலவில் உள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் "உலர் தொகுதி" முறையை உருவாக்கியது. நாள்தோறும் குழம்பு ஊற்றாமல், வைக்கோல் போன்ற பொருளை ஒரே தடவையில் நிரப்பி மூடிப் பல மாதங்கள் வாயு பெறும் முறை இது. சந்தைக் கழிவுக்கும் இம்முறை பரீட்சிக்கப்பட்டது.

புனே: தாவரவியலறிஞர் ஆனந்த் கர்வே வழிகாட்டிய நிறுவனம், பிளாத்திக்குத் தண்ணீர்த் தாங்கிகளைக் கொண்டு வீட்டு உணவுக் கழிவுக்கென ஒரு சிறிய தொட்டியை அமைத்தது. பற்றீரியாவுக்குச் சாணத்தைவிட மாப்பொருளும் வெல்லமும் சிறந்த தீனி என்பதே அவரது கருத்து. 2006 இல் இம்முயற்சிக்குப் பிரித்தானியாவின் ஆஷ்டன் விருது கிடைத்தது.

திருவனந்தபுரம்: வீடுகளுக்கும் சந்தைகளுக்கும் உணவுக் கழிவுத் தொட்டிகள் அமைத்த பயோடெக் நிறுவனம் 2007 இல் அதே விருதைப் பெற்றது.

ஐதராபாத்: போவன்பள்ளி மரக்கறிச் சந்தையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 தொன் கழிவிலிருந்து ஏறத்தாழ 500 அலகு மின்சாரமும் சந்தை உணவகத்துக்கு எரிவாயுவும் பெறும் நிலையம் அமைக்கப்பட்டது. 2021 ஜனவரியில் இந்தியப் பிரதமரின் வானொலி உரையிலும் இது குறிப்பிடப்பட்டது.

நமது மெனிங் சந்தை 2020 இல் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு மாறியது. போவன்பள்ளியோடு அதனை ஒப்பிட்டு ஒரு பந்தி எழுதிப் பழகுங்கள்.

கெரவலப்பிட்டியில் 2021 இல் திறக்கப்பட்ட 10 மெகாவாற்று நிலையத்தை உயிர்வாயு நிலையம் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கு குப்பை எரிக்கப்படுகிறது. ஈரலிப்பான உணவுக் கழிவை எரிக்கும்போது வெப்பத்தின் ஒரு பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகும். உயிர்வாயுத் தொட்டிக்கோ அந்த நீர் தேவை. எனவே உணவுக் கழிவு தொட்டிக்கும், உலர்ந்த கழிவு வேறு வழிக்கும் போவதே பொருத்தம்.

8. ஒரு கணக்கு

2022 இல் காலி வீதி ஓரத்தில் வெற்று சிலின்டர்களோடு வரிசையில் நின்றதை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 12.5 கிலோகிராம் சிலின்டரின் விலை நாலாயிரம் ரூபாவைத் தாண்டியது அப்போதுதான். அந்த நினைவோடு இந்தக் கணக்கைச் செய்யுங்கள்.

வெள்ளவத்தையில் 20 வீடுகள் கொண்ட ஒரு தொடர்மாடி. வீட்டுக்கு நாளொன்றுக்கு 1 கிலோகிராம் உணவுக் கழிவு எனக் கொள்க. 1 கிலோகிராம் உணவுக் கழிவு ஏறத்தாழ 0.1 கனமீற்றர் உயிர்வாயுவைத் தரும். 1 கனமீற்றர் உயிர்வாயு ஏறத்தாழ 0.45 கிலோகிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமன்.

ஒரு நாட் கழிவு = 20 × 1 = 20 கிலோகிராம்
ஒரு நாள் உயிர்வாயு = 20 × 0.1 = 2 கனமீற்றர்
சமமான சமையல் எரிவாயு = 2 × 0.45 = 0.9 கிலோகிராம்
ஒரு சிலின்டருக்குச் சமமாக எடுக்கும் நாட்கள் = 12.5 ÷ 0.9 = ஏறத்தாழ 14 நாட்கள்

அதாவது, இரண்டு வாரத்துக்கு ஒரு சிலின்டர். இருபது வீடுகளுக்கும் சமைக்க இது போதாது என்பதை நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டு வாரத்தில் 280 கிலோகிராம் கழிவு குப்பை வண்டியில் ஏறாமல் நின்றுவிடுகிறது. இலாபத்தை எரிவாயுவில் மட்டும் பார்க்காதீர்கள்.

9. நன்மைகளும் குறைபாடுகளும்

நன்மைகள்: புதுப்பிக்கத்தக்க எரிபொருள் கிடைத்தல்; சேதனப் பசளை கிடைத்தல்; கொட்டும் குப்பை, இலையான், துர்நாற்றம் ஆகியன குறைதல்; மெதேன் வளிமண்டலத்தை அடையாமல் தடுத்தல். மெதேன் ஒரு பச்சைவீட்டு வாயு. 100 ஆண்டுக் காலத்தில், அதே திணிவுள்ள காபனீரொட்சைட்டைவிட அது ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும்.

குறைபாடுகள்: தொடக்கச் செலவு, நாள்தோறும் கவனிப்பு, நகரில் இடவசதியின்மை, வெளிவரும் குழம்பைப் பயன்படுத்தத் தோட்டம் இல்லாமை.

பாதுகாப்பு: காற்றில் மெதேன் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆகவே தொட்டியை மூடிய அறைக்குள் வைக்கக் கூடாது. பலூனில் அடைத்த வாயுவுக்கு நெருப்புக் காட்டக் கூடாது. தொட்டிக்குள் எவரும் இறங்கக் கூடாது. பரிசோதனையை ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே செய்க.

10. மாதிரி வினாக்களும் விடைக் குறிப்புகளும்

(1) பழக்கழிவு நிரப்பிய கலத்தில் முதல் நாளில் வெளிவந்த வாயு எரியவில்லை. காரணம் தருக.
விடை: அது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. அமிலமாக்கும் பற்றீரியாக்கள் விரைவாகப் பெருகின. மெதேனாக்கும் நுண்ணங்கிகள் இன்னும் பெருகவில்லை.

(2) அவ்வாயு காபனீரொட்சைட்டு என்பதை எவ்வாறு உறுதிப்படுத்துவீர்?
விடை: தெளிந்த சுண்ணாம்புநீருக்குட் செலுத்த அது பால் நிறமாகும்.

(3) தொட்டியின் பிஎச் பெறுமானம் குறைந்துவிட்டது. செய்ய வேண்டிய இரண்டைத் தருக.
விடை: கழிவு இடுவதைச் சில நாட்கள் நிறுத்துதல், சாணக் குழம்பு அல்லது சிறிதளவு சுண்ணாம்பு சேர்த்தல்.

(4) குப்பைமேடு, உயிர்வாயுத் தொட்டி இரண்டிலும் காற்றின்றிய பிரிகை நடைபெறுகிறது. இரண்டுக்குமுள்ள வேறுபாடுகள் இரண்டினைத் தருக.
விடை: தொட்டியில் மெதேன் சேகரிக்கப்படும், குப்பைமேட்டில் வளிமண்டலத்துக்குச் செல்லும். தொட்டியில் வெளிவரும் குழம்பு பசளையாகும். குப்பைமேட்டின் கசிவுநீர் நிலத்தையும் நீரையும் மாசாக்கும்.

(5) "கழிவைப் பிறப்பிடத்திலேயே வேறாக்குதல் கழிவு முகாமைத்துவத்தின் முதற்படி." உமது பிரதேச உதாரணம் ஒன்றுடன் விளக்குக. (இதற்கு விடை தரவில்லை. நீங்களே எழுதி வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.)

மாணவர்களே, ஐந்தாம் வினாவை எழுதும்போது புளூமெண்டலையும் மீதொட்டமுல்லவையும் வெறும் பெயர்களாக எழுதிவிட்டுப் போகாதீர்கள். ஓர் இடத்திற் குப்பைமேட்டை மூடினால் குப்பை இன்னோர் ஊரின் வாசலுக்குப் போகிறது என்பதை அந்த இரண்டு பெயர்களும் காட்டுகின்றன. அதை உமது சொந்த வசனத்தில் எழுதுங்கள். எழுதி முடித்த அன்று மாலை, வீட்டுக் குசினியில் இரண்டாவது வாளி ஒன்றை வைக்க அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.